முகத்தைப் பார்த்து வண்டி வாங்கலாமா?

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பசியாறிவிட்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். மண் ரோட்டில் ஒரு கார் மெல்ல வந்து நின்றது. சின்னப் பிள்ளைகள் ஓடிப்போய் மொய்த்துக்கொண்டார்கள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன்.

பெரோடுவா கெனாரி. நம் ஊரில் எல்லாரும் பார்த்துப் பழகிய அதே பெட்டி வண்டிதான். ஆனால் இதை அடையாளமே தெரியவில்லை. மேல் பாதி பால் நிறம், கீழ் பாதி பாசிப் பச்சை. முன்னால் வட்ட விளக்கு. மூக்கில் பளபளக்கும் குரோம் பட்டை. சக்கரத்தில் வெள்ளை வளையம். ஐம்பது வருஷத்துக்கு முந்திய வண்டியைப் பெட்டியிலிருந்து புதுசாக எடுத்து வைத்த மாதிரி இருந்தது.

பக்கத்து லயத்து அக்காவின் மகன்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். வாங்குவதற்கு முன் வீட்டாருக்குக் காட்ட வியாபாரியிடம் கேட்டு எடுத்து வந்திருக்கிறான். விலை 12,500 வெள்ளி. பையன் முகத்தில் மாப்பிள்ளைக் களை! அக்கா மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, இதை வாங்கலாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

அக்கா கையில் இருந்தது 8,000 வெள்ளி. கூட்டுப் பிடித்த பணமும், செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்த பணமும். மீதி 4,500 வெள்ளிக்கு வியாபாரியே கடன் ஏற்பாடு செய்து தருவானாம். இல்லாவிட்டால் சேமநிதியில் எடுக்கலாமாம்.

தோட்டத்து உறவுகளே, அன்றைக்கு அக்காவிடம் சொன்னதை உங்களிடமும் சொல்கிறேன். இந்தக் கேள்வி அந்த ஒரு வீட்டுக் கேள்வி மட்டும் அல்ல.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்துக் குடும்பத்துக்குக் கார் எதற்கு, அது ஆடம்பரம் என்று பேசுகிற கூட்டத்தில் நான் இல்லை. பட்டணத்தில் இருப்பவனுக்கு வாசலில் பஸ், ரயில் எல்லாம் இருக்கிறது. நமக்கு? பெரிய ரோட்டுக்கு வரவே மூன்று நான்கு மைல். மோட்டாரில் அப்பா, அம்மா, நடுவில் ஒன்று, முன்னால் ஒன்று என்று நான்கு பேர் மழையில் போவதை நாம் பார்க்கவில்லையா? ராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று நிற்கவில்லையா?

அக்காவின் நிலைமை இன்னும் மோசம். அவர் புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். போய்வர வாடகைக் காருக்கு 40 வெள்ளி. மாதத்துக்குப் பதின்மூன்று தடவை என்றால் 520 வெள்ளி! 2025-ஆம் ஆண்டு குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அதில் சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ எல்லாம் பிடித்தால் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. அதில் மூன்றில் ஒரு பங்கு வாடகைக் காருக்கே போனால் அடுப்பு எப்படி எரியும்? ஆகவே அந்த வீட்டுக்கு வண்டி வேண்டும். எந்த வண்டி, என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி.

இனி அந்த அழகு முகத்தைப் பற்றி.

பழைய காரின் தோற்றத்தைப் புதுக் காருக்குப் போட்டு விற்பது ஒன்றும் நம் ஊர்ப் பட்டறை கண்டுபிடித்த வித்தை அல்ல. ஜப்பானில் நிஸ்ஸான் கம்பெனி 1987-இலேயே பி-1 என்று ஒரு சின்னக் காரை இந்த மாதிரி செய்து விற்றது. டைஹட்சு கம்பெனி 1999-இல் மீரா ஜீனோ என்று வட்ட விளக்கும் குரோமுமாக ஒன்றைக் கொண்டு வந்தது. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 2000-இல் பி.டி. குரூசர் என்ற வேகனை விட்டது. 1930-களின் காரைப் போல முகம்; உள்ளே சாதாரணக் குடும்ப வண்டி. முதலில் அதை வாங்கக் காத்துக் கிடந்தார்கள். பத்தே வருஷத்தில், 2010-இல், அதைச் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். முகத்துக்காக வாங்குகிற ஆசை அவ்வளவு நாள்தான் நிற்கும்.

நம் ஊரில் கஞ்சில், கெலிசா, கெனாரி வண்டிகளைத்தான் பையன்கள் இந்தக் கோலத்துக்கு மாற்றுகிறார்கள். அவை டைஹட்சு வழி வந்தவை. அதனால் ஜப்பான் வண்டியின் முன்பாகங்கள் சிலவற்றைக் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் பொருந்திவிடும்.

இந்த முகம் நம்மை மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது? நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியார் ஒரு மோரிஸ் மைனர் டிராவலர் வைத்திருந்தார். பின்பக்கம் மரச்சட்டம் போட்ட சின்ன வேகன். ஆபீஸ் வாசலில் நிற்கும். அதன் குரோமில் முகம் பார்க்கப் போன எங்களைக் காவல்காரர் விரட்டுவார். அந்த மாதிரி ஒரு வண்டி நம் லயத்து வாசலில் நிற்கிறது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு நிமிராது? எனக்கே அன்று நிமிர்ந்தது. ஆசைப்படுவது குற்றம் இல்லை. ஆனால் அந்த ஆசைக்கு வியாபாரி எவ்வளவு விலை போட்டிருக்கிறான் என்று பார்க்க வேண்டாமா?

வர்ணத்தையும் குரோமையும் சுரண்டிவிட்டால் மிஞ்சுவது கெனாரி. அது எப்படிப்பட்ட வண்டி?

சிலாங்கூரில் ரவாங் வட்டாரத்துச் சுங்கை சோவில் இருக்கிறது பெரோடுவா தொழிற்சாலை. 1994-இல் கஞ்சில் வந்தது. 2000-ஆம் ஆண்டில் கெனாரி வந்தது. கெனாரி என்றால் மலாயில் ஒரு சின்னப் பாடும் பறவை. டைஹட்சு மூவ் என்ற வண்டியை வைத்துச் செய்தது. இயந்திரம் 989 சி.சி., மூன்று சிலிண்டர். நீளம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர்தான். உயரமோ ஆள் உயரம். அதனால்தான் பெட்டி மாதிரி நிற்கிறது. 2009-இல் செய்வதை நிறுத்தினார்கள்.

இதன் நல்ல குணம் அந்தப் பெட்டி உருவத்தில்தான் இருக்கிறது. இருக்கை உயரம். வயசான ஆத்தாவோ, முட்டி வலிக்காரரோ, டயாலிசிஸ் முடிந்து தளர்ந்து வருகிறவரோ பள்ளத்தில் இறங்குவது போல் குனிந்து உட்கார வேண்டாம். நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். தலை முட்டாது. பின் இருக்கையை மடக்கினால் அரிசி மூட்டை, எரிவாயுத் தோம்பு எல்லாம் ஏறும். கண்ணாடி பெரிசு, புதிதாக ஓட்டப் பழகுகிற பெண்களுக்கும் நாலு பக்கமும் தெரியும். 1,000 சி.சி.க்கு உட்பட்டது என்பதால் தீபகற்பத்தில் சாலை வரி வருஷத்துக்கு 20 வெள்ளிதான். உதிரிப் பாகம் எந்தச் சின்னப் பட்டணத்துக் கடையிலும் கிடைக்கும். எந்தப் போமனும் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவான்.

கெட்ட குணமும் உண்டு. மறைக்கக் கூடாது. மூன்று சிலிண்டர் என்பதால் நின்ற இடத்தில் கொஞ்சம் உதறும். ஐந்து பேர் ஏறி, ஏர்கோன் போட்டு, மேட்டில் ஏறினால் திணறும். நெடுஞ்சாலையில் பெரிய லோரி பக்கத்தில் போனால் காற்றில் ஆடும். இன்றைய புதுக் கார்களில் இருக்கிற பாதுகாப்பு வசதிகளை இதில் எதிர்பார்க்க முடியாது. ஆகவே இது அருகில் உள்ள பட்டணத்துக்குப் போய்வர ஏற்ற வண்டி. ராத்திரியில் பினாங்குக்கு விரட்டிக்கொண்டு போகிற வண்டி அல்ல. எல்லாவற்றுக்கும் மேல், கடைசியாக வந்த கெனாரிக்கே பதினைந்து வயது தாண்டிவிட்டது. வயசானவர்களைப் போலத்தான் வயசான வண்டியும். பார்த்துக்கொண்டால் ஓடும். பார்க்காவிட்டால் படுத்துவிடும்.

இப்போது அந்த 12,500 வெள்ளிக்கு வருவோம். அதே பட்டணத்தில் ஒரு பள்ளி ஆசிரியர் தம் சாதாரணக் கெனாரியை 6,500 வெள்ளிக்கு விற்க வைத்திருந்தார். அதே இயந்திரம். அதே வயசு. மங்கிய வெள்ளி நிறம். ஒரே கை ஓட்டிய வண்டி. அப்படியானால் நடுவில் இருக்கிற 6,000 வெள்ளி எதற்கு? வர்ணத்துக்கும், வட்ட விளக்குக்கும், குரோம் பட்டைக்கும்! அந்த 6,000-இல் ஒரு வெள்ளியாவது வண்டியை நன்றாக ஓட வைக்குமா? பிரேக்கை நன்றாகப் பிடிக்க வைக்குமா?

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். பெரோடுவா ஆக்சியா இ என்ற புத்தம் புது வண்டியை 2023-இல் 22,000 வெள்ளிக்கு விற்பனைக்கு விட்டார்கள். கையால் கியர் போடும் வண்டி. வானொலி கூட இல்லை. ஆனாலும் புதுசு. அதன் விலையில் பாதிக்கு மேல் கொடுத்துப் பதினைந்து வயது தாண்டிய வண்டியை முகத்துக்காக வாங்குவது என்ன நியாயம்?

புது வர்ணத்தில் எனக்கு இன்னொரு பயமும் உண்டு. நானே ஏமாந்தவன். பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது பளபளப்பைப் பார்த்து ஒரு பழைய காரை வாங்கினேன். வீட்டுக்காரி சங்கிலி அடகுக் கடைக்குப் போனது. மூன்றே மாதம். கதவடியில் வர்ணம் கொப்புளித்தது. விரலால் குத்தினால் உள்ளே போகிறது! தகரமே இல்லை, துருவின் மேல் புட்டி பூசி வர்ணம் அடித்து வைத்திருக்கிறான். கார் இரும்புக் கடைக்குப் போனது. சங்கிலி திரும்பி வரவே இல்லை. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்பதை நான் அந்தச் சங்கிலியைக் கொடுத்துத்தான் படித்தேன்.

ஆகவே பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் இவற்றைச் செய்யுங்கள். மெல்லிய துணியில் சுற்றிய ஒரு காந்தம் கொண்டு போங்கள். கதவடி, சக்கர வளைவு எல்லாம் வைத்துப் பாருங்கள். தகரத்தில் ஒட்டும், புட்டியில் ஒட்டாது. கால் விரிப்பைத் தூக்கித் தரையைப் பாருங்கள். துருவோ சேற்று வாடையோ இருந்தால் வெள்ளத்தில் கிடந்த வண்டியாக இருக்கலாம்.

காலையில், இயந்திரம் சூடாவதற்கு முன் போங்கள். முதல் தடவை முடுக்கும்போது பின்னால் நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஏர்கோனைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டி, சூட்டு முள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடிக்கும்போது 'டக் டக்' சத்தம் வந்தால் அதற்கும் செலவு இருக்கிறது.

டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. கட்டை நன்றாக இருந்தாலும் வயசான டயர் வெடிக்கும்.

கிராண்டில் உள்ள இயந்திர எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா பாருங்கள். நிறம் மாற்றியிருந்தால் அதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். கிராண்டில் ஒரு நிறம், வண்டியில் ஒரு நிறம் என்றால் போலீஸ்காரர் நிறுத்தும்போது பதில் சொல்லப் போவது வியாபாரி அல்ல, நீங்கள்தான். பெயர் மாற்றச் சோதனை முடியும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் தெரிந்த ஒரு போமனை அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு 50 வெள்ளி கொடுத்தாலும் நஷ்டமில்லை.

அடுத்தது கடன். நம் வீடுகளில் வண்டி மூழ்குவது ஆற்றில் அல்ல, கடனில்தான்.

அக்காவுக்கு வியாபாரி சொன்ன கணக்கு இது: 4,500 வெள்ளி கடன், வருஷத்துக்கு 8 விழுக்காடு வட்டி, மூன்று வருஷம், மாதம் 155. கேட்க லேசாக இருக்கிறது அல்லவா? மூன்று வருஷத்தில் கட்டுவது 5,580. வட்டி மட்டும் 1,080. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மாதாமாதம் கட்டக் கட்ட அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் வட்டியை மட்டும் முதல் நாள் வாங்கிய 4,500-க்கே கடைசிவரை போடுகிறான். உண்மையில் கணக்குப் போட்டால் அந்த 8 விழுக்காடு 14 விழுக்காட்டைத் தாண்டும். ஆகவே 'மாதம் எவ்வளவு?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'மொத்தம் எவ்வளவு?' என்று கேளுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

சேமநிதியா? 2024 மே மாதம் முதல் சேமநிதியில் நினைத்த நேரம் எடுக்கக் கூடிய ஒரு கணக்கு வந்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடுவதா? அது நாம் கத்தி பிடிக்க முடியாத வயசில் சோறு போட வேண்டிய பணம். உயிர் காக்க எடுக்கலாம். குரோம் பட்டைக்கு எடுக்கலாமா?

இளைஞர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 'சம்போங் பாயார்' என்று ஒரு வலை இருக்கிறது. இன்னொருவன் பேரில் உள்ள கடன் வண்டியை வாங்கி, மீதித் தவணையை நாம் கட்டுவதாம். பேர் மாறாது, கிராண்டும் கிடைக்காது. நீ கட்டுகிற பணம் பேங்குக்குப் போகிறதா என்றும் தெரியாது. ஒருநாள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போவான். கட்டிய பணத்துக்கு யாரிடம் போய்க் கேட்பாய், தம்பி?

இனி அக்கா வீட்டுக் கணக்கைக் கூட்டிப் பார்ப்போம். டயாலிசிஸுக்கும் மற்ற வேலைக்கும் மாதம் 750 கிலோமீட்டர் ஓடுவதாக வைப்போம். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் என்றால் 50 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் ரோன் 95 பெட்ரோலுக்கு நடப்புக்கு வந்த மானிய விலை 1 வெள்ளி 99 காசு. அந்த விலையில் ஏறக்குறைய 100 வெள்ளி. ரிப்பேர், டயர், காப்புறுதிக்கு என்று மாதம் 150 தனியாக எடுத்து வைக்க வேண்டும். ஆக 250. வாடகைக் காருக்குப் போன 520-இல் 270 மிச்சம்! ஆனால் அலங்கார வண்டியைக் கடனுக்கு வாங்கினால் 155 கூடி 405 ஆகிவிடும். கையிருப்பும் சுத்தமாகத் துடைத்துப் போய்விடும். முதல் ரிப்பேருக்கே வட்டிக்காரன் வாசலில் நிற்க வேண்டியதுதான். டயாலிசிஸ் நாளில் வண்டி படுத்துக்கொண்டால் அந்த மனுஷன் கதி என்ன?

இதைத்தான் அக்காவிடம் சொன்னேன். பையனுக்கு என் மேல் கோபம். "மாமா, அந்தப் பழைய டப்பாவை எப்படி மாமா ஓட்டுறது? கூட்டாளிங்க சிரிப்பாங்க" என்றான்.

"சிரிக்கிறவன் எவனாவது உங்கப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவானாடா?" என்று அக்கா ஒரே கேள்வி கேட்டார். பையன் வாயைத் திறக்கவில்லை.

மறு வாரம் ஒரு போமனோடு போய் ஆசிரியரின் கெனாரியைப் பார்த்தோம். தரையில் கொஞ்சம் துரு, இயந்திரம் சுத்தம். 6,500 வெள்ளிக்கே முடிந்தது. மீதி 1,500-இல் நான்கு டயர், பேட்டரி, ரேடியேட்டர் குழாய், காப்புறுதி எல்லாம் முடிந்து நூற்றுச் சொச்சம் கையில் நின்றது. கடன் ஒரு காசு இல்லை.

முதல் நாள் டயாலிசிஸ் முடிந்து வந்த அண்ணன், வாசலில் என்னைப் பார்த்ததும் சொன்னார்: "குனியாம ஏறுனேன், குனியாம இறங்குனேன். அது போதும்பா."

பையனும் இப்போது சமாதானம் ஆகிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும் கழுவித் துடைக்கிறான். வட்ட விளக்கு ஆசை இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முறையாகப் பதிந்து, அவனே போட்டுக்கொள்ளட்டும். அப்போது அது அவன் உழைப்பின் பளபளப்பு. இன்றைக்கு அம்மாவின் கூட்டுப் பணத்தில் அது வேண்டாம்.

பாட்டாளித் தோழர்களே! கிராணியார் கார் மாதிரி ஒன்று நம் வாசலில் நிற்பது பெருமைதான். ஆனால் கிராணியார் கடனில் தூக்கம் கெட்டாரா என்று அந்தக் குரோமில் நமக்குத் தெரியவில்லையே! வண்டியை வாங்கும் முன் அதன் முகத்தைப் பார்க்காதீர்கள். அதில் ஏறப்போகிறவர்களின் முகத்தைப் பாருங்கள். விரலுக்கேற்ற வீக்கமாக ஒரு வண்டி வாங்குங்கள். அது உங்களைச் சுமக்கட்டும். நீங்கள் அதைச் சுமக்காதீர்கள்.